மாரிபோசா தோப்பு: வேருக்காகப் போட்ட பாதையில் சக்கர நாற்காலி

காட்டுக்குள் சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு பாதை வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பாதை போட்டால் காடு கெட்டுப்போகும். கேட்டவர் காட்டுக்கு எதிரி போலவும் மறுத்தவர் காட்டைக் காப்பவர் போலவும் ஆகி, பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள மாரிபோசா தோப்பில் 2015 முதல் 2018 வரை நடந்த சீரமைப்பைக் கொஞ்சம் ஆராய்ந்தால், அந்தப் பதில் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று புரியும். அங்கே மரங்களை வதைத்துக்கொண்டிருந்தவை காரும் தாரும் கண்ட இடத்தில் மிதித்த கால்களும்தான். அதைச் சரிசெய்யப் போட்ட பலகைப் பாதையில்தான் இன்று சக்கர நாற்காலியும் போகிறது.

ஆனால் இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்லிவிடவும் முடியாது. அதே சீரமைப்பால் தோப்பின் மேல்பகுதி, நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கு எட்டாததாகிவிட்டது. பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மரமும் அதன் காலடி மண்ணும்

யோசெமிட்டியின் தெற்கு நுழைவாயிலுக்கு அருகே, சியரா நெவாடா மலைச்சரிவில் இருக்கிறது இந்தத் தோப்பு. வளர்ந்த ராட்சத செக்கோயா மரங்கள் ஐந்நூறுக்கும் மேல். 1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் இந்தத் தோப்பையும் பொதுமக்களுக்கென ஒதுக்கியது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் யெல்லோஸ்டோன் அமைந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்துத்தான்.

தோப்பின் முதல் காவலராக இருந்த கேலன் கிளார்க் நுரையீரல் நோயோடு, இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன நிலையில் மலையேறி வந்தவர். 1910-இல் 95 வயதில்தான் இறந்தார். உடல் முடியாத ஒருவரின் பொறுப்பில்தான் இந்தக் காடு முதலில் இருந்தது என்பதை, உடல் முடியாதவர்களுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் சொல்லலாம்.

வருகிறவர்களின் வசதி என்ற பெயரில் அந்தக் காலத்தில் செய்ததை இன்று கேட்டால் பகீரென்று இருக்கும். 1881-இல் வவோனா மரத்தின் அடிப்பகுதியைக் குடைந்து, குதிரை வண்டி போகிற அளவுக்குச் சுரங்கம் வெட்டினார்கள். 1895-இல் கலிஃபோர்னியா மரத்தையும் அப்படியே குடைந்தார்கள். இரண்டாவது மரம் இன்னும் நிற்கிறது. முதலாவது 1969-இல் பனிச்சுமை தாங்காமல் சாய்ந்தது. காலப்போக்கில் தோப்புக்குள் தார்ச்சாலை, கார் நிறுத்தம், நினைவுப் பொருள் கடை, திறந்த டிராம் வண்டியில் சுற்றுலா என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் மரங்களுக்கு நடுவே, அவற்றின் வேர்களுக்கு மேலேயே.

இங்கே செக்கோயாவின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு உயர மரத்துக்கு ஆழமான ஆணிவேர் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். வளர்ந்த செக்கோயாவுக்கு அது கிடையாது. வேர்கள் சில அடி ஆழத்திலேயே நின்று, பக்கவாட்டில் நூறடிக்கு மேலும் பரவும். நீர் தேடுவது அந்த மேல்மண்ணில்தான். வெயில் காலத்தில் ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 2,000 முதல் 3,000 லிட்டர் வரை நீர் இழுக்கும். மேல்மண் இறுகினால் நீர் உள்ளே இறங்காது. தார் மூடினால் மழைநீர் வழிந்து வேறு பக்கம் ஓடிவிடும். சாலையின் மேடு, சரிவிலிருந்து கசிந்து வரும் ஊற்றுநீரை மறித்து, ஒரு பக்கம் குளமும் மறுபக்கம் வறட்சியும் உண்டாக்கும். மரம் உடனே விழுந்துவிடாது என்பதுதான் சிக்கல். ஆயிரக்கணக்கான ஆண்டு வாழும் உயிர் நலிவதை ஒரு தலைமுறைக்குள் கண்ணால் பார்க்க முடியாது.

என்ன செய்தார்கள்

2014 ஜூன் 30 அன்று, லிங்கன் கையெழுத்திட்டு 150 ஆண்டு நிறைந்த நாளில், சீரமைப்பு வேலையைத் தொடங்கிவைத்தார்கள். 2015 ஜூலையில் தோப்பு மூடப்பட்டது. மொத்தச் செலவு 4 கோடி டாலர். அதில் பாதியை யோசெமிட்டி கன்சர்வன்சி என்ற தொண்டு அமைப்பு நன்கொடையாளர்களிடம் திரட்டியது. 2018 ஜூன் 15 அன்று மறுபடி திறந்தார்கள்.

வேலையின் சாரம், எடுக்க வேண்டியதை எடுத்ததுதான். தோப்புக்குள் இருந்த கார் நிறுத்தம், கடை, டிராம் மூன்றும் போயின. தாரைப் பெயர்த்து, மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 300 கார்கள் நிற்கும் புதிய நிறுத்தம் இரண்டு மைல் தள்ளி, தெற்கு நுழைவாயில் பக்கம் அமைந்தது. அங்கிருந்து இலவச ஷட்டில் பஸ். தோப்புக்குள் ஈரமான, ஊற்று கசியும் பகுதிகளில் தரையைத் தொடாமல் உயர்த்திய பலகைப் பாதைகள். நீர் அடியில் தன் வழியே போகும், மனிதர்கள் மேலே போவார்கள்.

சக்கர நாற்காலிக்கு எந்த மாதிரிப் பாதை நல்லது என்று கேட்டால் இதே பதில்தான் வரும். குண்டும் குழியும் இல்லாத, ஈரத்தில் புதையாத, வேர் முண்டு இடறாத, ஒரே சீரான தளம். வேருக்கு நல்லது என்று போட்டதும் நாற்காலிக்கு வேண்டியதும் ஒன்றாக அமைந்தது தற்செயல் இல்லை. வேரை மிதிக்காமல் இருக்கத் தளத்தை உயர்த்துகிறார்கள். உயர்த்திய தளம் தானாகவே சமமாகிறது. ஓரத்தில் வேலியோ கட்டையோ இருந்தால், கூட்டம் பாதையை விட்டு இறங்கி மரத்தடியை மிதிப்பதும் நிற்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே மியூர் வுட்ஸ் ரெட்வுட் காட்டிலும் இதே காரணத்துக்காகத்தான் தார்ப் பாதையை எடுத்துவிட்டுப் பலகை போட்டார்கள். அங்கேயும் சக்கர நாற்காலிகள் சிரமமில்லாமல் போகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதை மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. காரிலிருந்து இறங்கும் இடம், பஸ்ஸில் நாற்காலி ஏற வசதி, பஸ் நிற்கும் மேடை, கழிப்பறைக் கதவின் அகலம், அப்புறம்தான் பாதை. இதில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் குடும்பம் பாதிவழியில் திரும்ப வேண்டியதுதான். மாரிபோசாவில் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியதால், இந்த வரிசை அறுபடாமல் அமைந்தது. இருக்கிற காட்டுப் பாதையில் கடைசியாக ஒரு சாய்தளத்தை ஒட்டவைக்கும் இடங்களில் இது அமைவதில்லை.

அரை அங்குல இடைவெளி

அமெரிக்காவில் மத்திய அரசின் கட்டடங்களும் இடங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 1968-இலேயே வந்துவிட்டது. ஆனால் காட்டுப் பாதைக்கு என்ன அளவுகோல் என்பது வெகுகாலம் தெளிவாக இல்லை. கட்டடத்துக்கான சாய்தள விதியை மலைச்சரிவில் வைத்தால் ஒன்று காட்டை வெட்ட வேண்டும், அல்லது கைவிட வேண்டும். வனத்துறை 2006-இல் தனக்கென ஒரு வழிகாட்டியை உருவாக்கிக்கொண்டது. மத்திய அரசின் மற்ற நிலங்களுக்கும் பொருந்தும் விதி 2013 செப்டம்பரில் வெளியானது.

அந்த விதியின் எண்களைப் படிக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்து காட்டைச் சுற்றியவர்கள் பக்கத்திலேயே இருந்து எழுதவைத்தது போல இருக்கும். பாதையின் குறைந்தபட்ச அகலம் 36 அங்குலம். 5 சதவீதச் சரிவு, அதாவது 20 அடிக்கு ஓர் அடி ஏற்றம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். 8.33 சதவீதம் வரை என்றால் ஒரே மூச்சில் 200 அடிதான். 10 சதவீதம் வரை 30 அடி. 12 சதவீதம் வரை 10 அடி. ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் மூச்சு வாங்க ஒரு சமதளம். 8.33 சதவீதத்தைத் தாண்டும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து பாதையின் மொத்த நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

நிமிர்ந்து நடக்கிறவர்களுக்குத் தோன்றவே தோன்றாத இரண்டு அளவுகள் இதில் இருக்கின்றன. ஒன்று குறுக்குச் சரிவு. பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நடப்பவருக்குத் தெரியாது. ஆனால் நாற்காலி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தள்ளுகிறவர் ஒரு கையால் மட்டும் அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும், கால் மணி நேரத்தில் தோள் வலித்துவிடும். அதனால் பலகை, தார், கான்கிரீட் தளங்களில் குறுக்குச் சரிவு 2 சதவீதத்தைத் தொட்டால் அதுவே உச்சம். மண் தளத்தில் மழைநீர் வடிய வேண்டும் என்பதால் 5 வரை விட்டிருக்கிறார்கள். இன்னொன்று பலகைகளுக்கு இடையிலான இடைவெளி. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அதில் சிக்கும், ஊன்றுகோலின் நுனியும் உள்ளே போய்விடும். அந்த இடைவெளியும் போகும் திசைக்குக் குறுக்காகவோ சாய்வாகவோதான் இருக்க வேண்டும். நீளவாக்கில் பலகை அடித்த ஒரு பாலம் பார்க்க அழகாக இருக்கலாம், நாற்காலிக்கு அது பொறி.

விலக்குகளும் உண்டு. நிலத்தின் அமைப்பு இடம் தராவிட்டால், வழக்கமான கட்டுமான முறையில் செய்ய முடியாவிட்டால், பாதையின் நோக்கமே மாறிவிடும் என்றால், அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் போன்றவை தடுத்தால், அந்த இடத்தில் மட்டும் விதியைத் தளர்த்தலாம். ஆனால் முடிந்த அளவுக்குச் செய்தே ஆக வேண்டும். "மலை சார், முடியாது" என்று ஒரே வரியில் கோப்பை மூட வழியில்லை. ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, எங்கே ஏன் முடியவில்லை என்று காட்ட வேண்டும்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத ஒரு பகுதி. புதிதாகப் போடும் பாதை தொடங்கும் இடத்தில் பலகை வைத்தால், அதில் பாதையின் நீளம், தளம் எதனால் ஆனது, வழக்கமான அகலம், மிகக் குறுகலான இடத்தின் அகலம், வழக்கமான சரிவு, மிகக் கடினமான சரிவு, குறுக்குச் சரிவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். நீல நிறத்தில் நாற்காலிச் சின்னம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவது இதற்கு ஈடாகாது. மோட்டார் நாற்காலியில் வரும் இளைஞருக்கு 10 சதவீதச் சரிவு பெரிய விஷயமில்லை. எழுபது வயது மனைவி தள்ளிக்கொண்டு வரும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு 6 சதவீதமே அதிகம். யாரால் முடியும் என்பதைப் பூங்கா முடிவு செய்யத் தேவையில்லை. எண்ணைச் சொன்னால் போதும், வந்தவர் முடிவு செய்துகொள்வார்.

இன்று போனால்

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம்மூர் அப்பா அம்மாக்களை யோசெமிட்டிக்கு அழைத்துப் போவது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. முட்டி வலிக்காரர்களும் அதில் நிறைய. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஷட்டில் இறங்கும் இடத்திலிருந்தே தொடங்கும் பெரிய மரங்கள் சுற்றுப்பாதை 0.3 மைல், அதாவது அரை கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலிக்கு ஏற்றது. விழுந்த அரசன் என்று பொருள்படும் பெயர் கொண்ட, பல நூறு ஆண்டுக்கு முன் சாய்ந்த செக்கோயா இந்தச் சுற்றில்தான் கிடக்கிறது. செக்கோயாக் கட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது என்பதால் இன்னும் உளுத்துப் போகவில்லை. நாற்காலியின் உயரத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல மரம் அங்கே இல்லை என்பேன். நிற்கும் செக்கோயாவை யார் பார்த்தாலும் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். விழுந்ததன் வேர்த்தட்டு கண்ணுக்கு நேரே நிற்கும். மேலே சொன்ன ஆழமில்லாத வேரின் கதையை அங்கே நேரில் பார்க்கலாம்.

தோப்பின் நாயகன் கிரிஸ்லி ஜயன்ட். ஏறத்தாழ 3,000 வயது, 209 அடி உயரம். இறங்கும் இடத்திலிருந்து நடந்து போனால் ஏற்றம் உண்டு. கிரிஸ்லி சுற்றுப்பாதை முழுவதும் இரண்டு மைல், ஏற்றம் சுமார் 300 அடி. நாற்காலியில் அது ஆகாது. இங்கேதான் திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி வாகன அட்டை வைத்திருக்கும் காருக்கு மட்டும், மற்றவர்கள் ஷட்டிலில் வரும் சாலையில் தோப்பு வரைக்கும், அங்கிருந்து கிரிஸ்லி ஜயன்ட் அருகே உள்ள சிறிய நிறுத்தம் வரைக்கும் ஓட்டிப்போக அனுமதி உண்டு. அங்கிருந்து மரத்தடிக்கு ஏற்ற பாதை இருக்கிறது. கூட்டமாக வரும் கார்கள்தான் காட்டுக்குத் தொல்லை. அட்டை வைத்திருக்கும் சில கார்களால் மரம் சாய்ந்துவிடாது. இந்தக் கணக்கை நம்மூர் வன அதிகாரிகளும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஷட்டில் பொதுவாக வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் முடியும் வரைதான். பனி விழுந்து சாலை மூடிவிட்டால் அட்டை இருந்தும் பயனில்லை, இரண்டு மைல் பனியில் நடந்தாக வேண்டும். குளிர்கால விடுமுறையில் பெற்றோரை அழைத்துப் போகத் திட்டமிடுகிறவர்கள் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

காற்று, தீ, கடல்

பலகைப் பாதைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: அது நிலைக்காது. 2021 ஜனவரி 18, 19 தேதிகளில் யோசெமிட்டியில் வீசிய மோனோ காற்றில் (மலை முகட்டிலிருந்து சரிவில் பாய்ந்து இறங்கும் பலத்த காற்று) இந்தத் தோப்பில் மட்டும் 15 ராட்சத செக்கோயாக்கள் சாய்ந்தன. மூன்று வயதுகூட நிறையாத பலகைப் பாதையின் ஒரு பகுதியும் கழிப்பறைக் கட்டடமும் நொறுங்கின. அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று தோப்புக்குப் பக்கத்தில் வாஷ்பர்ன் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ பிடித்தது. மரங்களைக் காக்கத் தெளிப்பான்கள் வைத்து அடிப்பகுதியை நனைத்தார்கள். 1970-கள் முதலே இங்கே கட்டுப்பாட்டோடு தீ வைத்துச் சருகைக் குறைத்து வந்ததால், தீ உள்ளே வந்தபோது எரிய அதிகம் இருக்கவில்லை. பெயர் பெற்ற மரங்கள் தப்பின. ஆகஸ்ட் 3 அன்று தோப்பு மறுபடி திறந்தது.

இதைப் படிக்கும்போது சென்னைக்காரர்களுக்கு மெரினா நினைவு வரும். 2022 நவம்பர் இறுதியில் சுமார் ஒரு கோடி ரூபாய்ச் செலவில் மணலின் மேல் மரப்பாதை திறந்தார்கள். அதுவரை அலையைத் தூரத்திலிருந்தே பார்த்த எத்தனையோ பேர் கடல் பக்கம் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்தது. "அப்பவே சொன்னோம்ல" என்று பேசினவர்களும் உண்டு. ஆனால் புயலில் சாலை அரித்தால் இனிமேல் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலி போகும் பாதைக்கு மட்டும் ஒரே தடவையில் பரீட்சை வைத்துவிடுகிறோம். இரண்டு இடத்திலும் பழுது பார்த்துத் திறந்தார்கள். மரப்பாதைக்குப் பராமரிப்புச் செலவு தொடர்ந்து உண்டு. அதைத் திட்டத்திலேயே எழுதாமல் விடுவதுதான் தப்பு.

போனது

இனி டிராம் விஷயம். சீரமைப்புக்கு முன் திறந்த டிராம் வண்டிகள் தோப்பின் மேல்பகுதி வரை போய் வந்தன. 1930-இல் கட்டிய மரக் குடில் அருங்காட்சியகம், மேல்தோப்பின் அடர்ந்த மரக்கூட்டம் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது. நாற்காலியே தேவைப்படாத, ஆனால் அரை மைலுக்கு மேல் நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள் எவ்வளவோ பேர். இதய நோயாளிகள், முட்டி தேய்ந்தவர்கள், வயதானவர்கள். அவர்களுக்கு டிராம்தான் வழி. டிராம் போனதும் மேல்தோப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது. இன்று மேல்தோப்பைத் தாண்டி உள்ள வவோனா பாயின்ட் என்ற காட்சிமுனை வரை போய்வர ஏழு மைல் நடை, 1,200 அடி ஏற்றம்.

டிராமை எடுத்ததில் நியாயம் இருந்தது. சத்தம், புகை, நாள் முழுக்க ஓயாத நடை, அது ஒரு வியாபாரம். ஆனால் வியாபாரத்தை நிறுத்தும்போது அதை நம்பியிருந்தவர்களுக்கு வேறு என்ன வழி என்ற கேள்விக்குக் கிரிஸ்லி ஜயன்ட் வரைதான் பதில் சொன்னார்கள், அதுவும் வாகன அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். மேல்தோப்பில் சரிவு அதிகம், அங்கே விதிப்படி நாற்காலிப் பாதை போட வேண்டுமானால் மலையை வளைத்து வளைத்து வெட்ட வேண்டும். அதை நானும் கேட்கவில்லை. டிராம் ஓடிய பழைய சாலைத் தடம் இன்னும் அங்கே நடைபாதையாக இருக்கிறது. சீசனில் நாளுக்கு இரண்டு மூன்று நடை, பத்துப் பேர் உட்காரும் சின்ன மின்வண்டி, நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் முன்பதிவு. புதிதாக ஒரு வேரைக்கூட மூட வேண்டியதில்லை. கார் நிறுத்தத்தை இரண்டு மைல் நகர்த்த 4 கோடி டாலர்த் திட்டம் போட்டவர்களுக்கு இது பெரிய செலவும் இல்லை.